ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வந்த வரைபடம்

"மாமா, நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடப் போறேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

ஃபோனில் இவ்வளவுதான் சொன்னாள் என் அக்கா மகள் கிறிஸ்டல். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது. புதன்கிழமை, மணி ஒன்று ஐந்து. சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன்கறி ஊற்றிய சோற்றை அப்போதுதான் பிசைந்திருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த மர்ஜானா அக்கா என் முகத்தைப் பார்த்ததும் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"யாரு செத்தா?"

"இன்னும் யாரும் சாகலக்கா. நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு."

மர்ஜானா அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பத்து நான்கு வயது. இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லி வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். துப்பறியும் நிபுணர் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். நான் ஷேன். அவருடைய உதவியாளன், டிரைவர், வாயாடி. முதல் இரண்டுக்குச் சம்பளம் உண்டு. மூன்றாவது நானாகச் செய்யும் சேவை.

கை கழுவிவிட்டு நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கிறிஸ்டல் பக்கத்துச் சந்தில் இப்ராஹிம் என்பவரின் டிராயிங் ஆபீஸில் வேலை செய்கிறாள். கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு இயந்திர பாகங்கள் வரைந்து கொடுக்கும் ஆபீஸ். போன வெள்ளிக்கிழமை ஒரு இரும்புத் தட்டின் வரைபடம் போனது. மேலே சங்கிலி கட்டிப் பாரம் தூக்குவார்களே, அந்தச் சங்கிலியைத் தாங்கும் தட்டு. பதினாறு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அனுப்பிய வரைபடத்தில் பத்து என்று இருந்தது. அன்று சாயங்காலமே அதை வைத்துத் தட்டை வெட்டி மாட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தட்டு மடங்கிப் பாரம் விழுந்தது. கீழே நின்றவர் பெயர் ராமசாமி. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"அந்தப் பதினாற பத்தாக்கினது யாரு?"

"கம்ப்யூட்டர் கிறிஸ்டல்னு சொல்லுது. வெள்ளிக்கிழமை ஒன்னு ஐம்பத்திரண்டு."

"அவ என்ன சொல்றா?"

"அதான்க்கா பிரச்சினை. அவளுக்கே தெரியல."

அதுதான் உண்மை. அன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபோன் வந்ததாம். அவசரத்தில் எதைத் தட்டினாளோ, எதை அழித்தாளோ, சத்தியமாக ஞாபகம் இல்லை என்கிறாள். மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். வராந்தாவின் இந்தக் கோடியில் நின்று, அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் ராமசாமியின் மனைவி நல்லம்மாளைப் பார்க்கிறாள். கிட்டே போகாமல் திரும்பி வந்துவிடுகிறாள். சோறு இறங்கவில்லை. நான்தான் ஒரு மனிதரின் காலை எடுத்தேன் என்று இருபத்து நான்கு வயதுப் பெண் சொல்லிக்கொண்டிருந்தால், கேட்டுக்கொண்டிருக்கிற மாமனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் அபூர்வம்.

மாடியில் இருந்தது ஆபீஸ். மூன்று மேசை, மூன்று கம்ப்யூட்டர். இப்ராஹிம் எழுந்து நின்று வரவேற்றார். அறுபது வயது, வெட்டி ஒதுக்கிய வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். பாலில்லாத தே ஓ வரவழைத்தார்.

"வாங்க மர்ஜானா. தாராளமா பாருங்க. இந்தப் புள்ளையக் கெடுக்கணும்னு நானா நெனக்கிறேன்? அது வரைஞ்சு பழகுறதுக்கு க்ளாஸுக்கு அனுப்பினவனே நான்தான்."

"அப்புறம் எதுக்குண்ணே கையெழுத்து?"

"நாலு மணிக்குக் கிலாங்லேருந்து, அந்த ஃபேக்டரிலேருந்து, ஆளுங்க வர்றாங்க. யாரு தப்புன்னு எழுத்துல குடுக்கலன்னா போலீசுக்குப் போறோங்கிறாங்க. இந்த சூராட்ட குடுத்தா அதோட முடிஞ்சுபோகும். பொறகு அத நான் பாத்துக்க மாட்டேனா?"

அவர் சூராட் என்ற கடிதம் மேசையில் இருந்தது. எடுத்துப் படித்தேன். நாலே வரி. 'வெள்ளிக்கிழமை பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு, யாரையும் கேட்காமல், தட்டின் கனத்தைப் பதினாறிலிருந்து பத்தாக நான் மாற்றினேன். வரைபடம் தவறாகப் போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. இதில் அலுவலகத்துக்கோ உரிமையாளருக்கோ எந்தப் பங்கும் இல்லை. இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.' கீழே அவள் பெயர். பெயருக்கு மேல் வெற்றிடம். கடிதத்தை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டேன்.

கிறிஸ்டல் தன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு பெரிய பித்தளைச் சாவி தொங்கியது.

"இது என்னம்மா?" என்றார் மர்ஜானா அக்கா.

"பழைய கடைச் சாவிக்கா. நாங்க மூணு பேரும் ஒரே ஃபைல்லதான் வேல செய்றோம். பாஸ், ஹஸ்ருல் அண்ணன், நான். ரெண்டு பேரு ஒரே நேரத்துல தொட்டா ஒருத்தர் செஞ்சத இன்னொருத்தரு அழிச்சிடுவோம். அதனால சாவி யாரு மேசையில தொங்குதோ அவங்கதான் தொடலாம். மத்தவங்க பாக்க மட்டும்தான். பாஸோட ஐடியா."

"வெள்ளிக்கிழமை?"

"காலைலேருந்து என்கிட்டதான் இருந்துச்சு." அவள் தலை குனிந்தது. "ஒன்னு ஐம்பத்திரண்டுக்கு அவங்க ரெண்டு பேரும் ஜும்மாவுக்குப் போயிருந்தாங்க. ஆபீஸ்ல நான் மட்டும்தான். வேற யாருக்கா செஞ்சிருப்பா?"

"ஃபைல்ல உன் பேருதான் போட்டிருக்கா?"

"எல்லாத்துலயும் என் பேருதான் வரும். ஒரே ஒரு எக்கவுண்ட்தான் வாங்கியிருக்கோம், என் ஈமெயில்ல. மூணு பேரும் அதுலதான் நொழையிறோம்."

"அலாமா! அப்போ பூனை மிதிச்சாலும் கிறிஸ்டல்னுதான் எழுதும்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

"பேர விடு. நேரம் பொய் சொல்லாதுல்ல தம்பி," என்றார் இப்ராஹிம், வருத்தத்தோடு.

மர்ஜானா அக்கா கண்ணாடியை மாட்டினார். அந்த வரைபடம் எப்போதெல்லாம் சேமிக்கப்பட்டது என்ற பட்டியலைக் கிறிஸ்டல் திறந்து காட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு நேராகக் கடைசி இரண்டு வரி. ஒன்று இருபது, கனம் பதினாறு. ஒன்று ஐம்பத்திரண்டு, கனம் பத்து.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடும்மா."

போட்டாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டார். கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் காச்சாங் இருக்கும். கடலை அரைபடும் சத்தம் நிற்கும்போது ஏதோ பிடிபட்டது என்று அர்த்தம்.

சத்தம் நின்றது.

"கிறிஸ்டல், வெள்ளிக்கிழமை காலைல என்னென்ன செஞ்ச?"

"கீழ இருக்கிற பட்டியல மலாய்ல மாத்தினேன். எழுத்து மேல எழுத்து ஏறியிருந்துச்சு, தள்ளி வெச்சேன். கம்பெனி பேருல ஒரு தப்பு இருந்துச்சு, திருத்தினேன். மூணு மணி நேரம் ஆச்சு."

"ஒன்னு இருபதுல அதெல்லாம் இருக்கு. ஒன்னு ஐம்பத்திரண்டுல எங்க?"

எட்டிப் பார்த்தேன். இல்லை. பட்டியல் பழையபடி ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்து மேல் எழுத்து ஏறிக் கிடந்தது. கம்பெனி பெயரில் அதே தப்பு. கிறிஸ்டல் வாயைத் திறந்தபடி இருந்தாள். மூன்று நாளாக எல்லோரும் அந்தப் பத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றதை யாரும் பார்க்கவில்லை.

"அவசரத்துல பின்னால பின்னால போற பட்டன அழுத்தியிருக்கும் புள்ள," என்றார் இப்ராஹிம்.

"அழுத்தினா பழையபடி பதினாறுக்குத்தான்ணே போகும். இந்தப் பட்டியல்ல மொத நாள்லேருந்து எங்கேயும் பத்து கெடையாது." மர்ஜானா அக்கா திரையைத் தொட்டுக் காட்டினார். "காலைல மூணு மணி நேரம் பாடுபட்டவ, ஒரு நம்பர மாத்தறதுக்காக அத்தனையும் அழிப்பாளா? இது புதுசா செஞ்ச ஃபைல் இல்ல. வியாழக்கிழமை ஃபைலு. யாரோ வியாழக்கிழமையே வேற ஒரு மெஷின்ல எறக்கி, இன்டர்நெட் இல்லாத எடத்துல பத்துன்னு மாத்தி வெச்சிருக்காங்க. அந்த மெஷினுக்கு லைன் கெடச்ச நேரம்தான் ஒன்னு ஐம்பத்திரண்டு. பழசு லேட்டா வந்து புதுசு மேல உட்கார்ந்திருச்சு."

"அப்போ நான் இல்லையாக்கா?" கிறிஸ்டலின் குரல் கேட்கவே இல்லை. உதடு மட்டும்தான் அசைந்தது.

"இன்னும் தெரியாதும்மா. அந்த மெஷின் எதுன்னு பாக்கணும். வெளிய எடுத்துட்டுப் போற மெஷின் இருக்காண்ணே?"

இப்ராஹிம் தாடியைத் தடவினார். "ஒரு லேப்டாப் இருக்கு. என் மகன் ஹஸ்ருலோடது. அவன் வியாழக்கிழமை தாசேக் கெலுகோர்ல மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். அங்க லைன் சரியா வராது." பெருமூச்சு விட்டார். "இப்போ பிறையில கிலாங்லதான் இருக்கான். உள்ள ஃபோன் கொண்டுபோக விட மாட்டாங்க. நேர்லதான் பாக்கணும். நான் நாலு மணி வரைக்கும் இந்த சூராட்ட எடுக்கலம்மா. போய்ட்டு வாங்க."

மகனையே காட்டிக் கொடுக்கிறாரே, என்ன மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு என் மோட்டர்சைக்கிளைக் கிளப்பினேன். இரண்டு பத்து ஃபெர்ரியில் ஏறிவிட்டோம். மோட்டர்கள் நிற்கும் தளத்தில் வெயில் அடித்தது. அக்கா என் ஃபோனை வாங்கிக் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நாலு வரியை இவ்வளவு நேரம் யாராவது படிப்பார்களா?

"என்னக்கா, மனப்பாடமா?"

"என்னவோ கொறையுது ஷேன். என்னன்னு புடிபடல."

"ஒரு கையெழுத்து கொறையுது. அது இல்லாமலே இருக்கட்டும்."

என் அக்கா அமலம்மாளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எப்படி ஆரம்பித்தாலும் இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை.

பட்டர்வொர்த்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டினேன். பிறை தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா எங்கள் பெயரை எழுதி, அடையாளக் கார்டை வாங்கி, உள்ளே ஆள் அனுப்பி, ஹஸ்ருல் வெளியே வருவதற்குள் இரண்டு ஐம்பத்தைந்து. முப்பது வயது. சவரம் செய்யாத முகம். எங்களைப் பார்த்ததும் மோட்டர் நிழலில் உட்கார்ந்துவிட்டான்.

"தம்பி, உன் லேப்டாப் எங்க?" என்றார் மர்ஜானா அக்கா.

"வாப்பாகிட்ட."

"எப்பலேருந்து?"

"வியாழக்கிழமை மத்தியானத்துலேருந்து. நான் மாமியார் வீட்டுக்குக் கெளம்பறப்போ வாங்கி வெச்சுக்கிட்டாரு. இன்னும் அவருகிட்டதான் இருக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

"எதுக்கு வாங்கினாரு?"

"கிலாங்காரங்க இன்னும் கொஞ்சம் மலிவா முடியுமான்னு கேட்டாங்க. தட்டு மெலிசா இருந்தா எவ்வளவு வரும்னு வீட்ல சும்மா போட்டுப் பாக்கிறேன்னு சொன்னாரு. வீட்டு லைனு அந்த வாரம் பூரா கெட்டுக் கெடந்துச்சு."

"பத்துன்னு போட்டுப் பாத்திருக்காரு. சேவ் பண்ணிட்டு மூடிட்டாரு. சரி. வெள்ளிக்கிழமை?"

ஹஸ்ருல் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். "ஜும்மா முடிஞ்சு காடியில ஏறினோம். அவரு லேப்டாப்பத் தொறந்தாரு, யாருக்கோ பழைய படம் ஒன்னு காட்டணும்னு. என் ஃபோன்லேருந்து லைன் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல திரையில ஒரு டப்பா வந்துச்சு. இந்த ஃபைல் ரெண்டு இருக்கு, எத வெச்சுக்கணும்னு கேட்டுச்சு. நான் ஓட்டிக்கிட்டே, பாத்து அமுக்குங்க வாப்பான்னு சொன்னேன்க்கா. அவரு எந்த டப்பா வந்தாலும் மொத பட்டனத்தான் அமுக்குவாரு. 'என்னுடையதை வைத்துக்கொள்.' அதான் மொத பட்டன்."

"யாரு திரையில சாவி தொங்குதுன்னு கார்ல இருக்கிற லேப்டாப்புக்குத் தெரியாதே," என்றேன்.

"திங்கட்கிழமை அந்த ஆளு கால் போனதும் எனக்கு இது ஞாபகம் வந்துச்சு." அவன் அழ ஆரம்பித்தான். "நான் வாப்பாகிட்ட கேக்கலக்கா. கேட்டா பதில் சொல்லிடுவாருன்னு பயம்."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "நீ கேக்காத மூணு நாளும் என் அக்கா மவ சோறு திங்கலடா!"

"ஷேன், மோட்டர எடு," என்றார் மர்ஜானா அக்கா. "நம்மள வேணும்னே கடல் தாண்டி அனுப்பியிருக்காரு. லேப்டாப் அவரு மேசைக்குக் கீழயே இருந்திருக்கும்."

மூன்று மணி இருபத்தெட்டுக்கு மறுபடியும் ஃபெர்ரி. அக்கரைக்குப் போய், சந்தில் நுழைந்து, மாடி ஏறினால் நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும். அல்லது நாலுக்கு மேல் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஃபெர்ரியோ யார் அவசரத்துக்கும் கட்டுப்படாது. கிறிஸ்டலைக் கூப்பிட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"கிறிஸ்டல், நீ இல்லம்மா! பாஸ்தான்! லேப்டாப் அவருகிட்டதான் இருந்துச்சு. அந்த டப்பாவுல பட்டன அமுக்கினதே அவருதான்!"

"தெரியும் மாமா," என்றாள். "நீங்க போனதும் பாஸே சொல்லிட்டாரு. என் முன்னாடி உட்கார்ந்து அழுவுறாரு."

அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன்.

"நேத்துதான் அவருக்கே புரிஞ்சுச்சாம். சும்மா ஒரு பட்டன் மாமா. வேணும்னு செய்யலையே. அவருக்கு வயசாயிடுச்சு, ஹார்ட்ல ப்ராப்ளம். போலீசு, கோர்ட்டுன்னா தாங்க மாட்டாரு. நான் சின்னப் பொண்ணு, என்னைய பெருசா ஒன்னும் செய்ய மாட்டாங்கன்னு சொல்றாரு. எனக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்தவரு மாமா. அதோட சாவி என்கிட்ட இருந்துச்சு. ரெண்டு மணிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை தொறந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. யாராவது ஒருத்தர் போட்டுத்தான ஆகணும்?"

"பைத்தியமா நீ? போடாத! கேக்குதா? பேனாவக் கீழ வை!"

"கத்தாதீங்க மாமா. ஏற்கெனவே முடியல."

அவளிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்று எனக்கே தெரிந்தது. செய்யாத தப்பென்று தெரிந்த பிறகும் சுமக்கத் தயாராகிவிட்டாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இப்ராஹிமுடையது. நான் ஃபோனை வைத்திருந்த கையைத் தட்டுத் தடுமாறி மர்ஜானா அக்காவிடம் நீட்டினேன். என்னால் ஆகாது, நீங்கள்தான் என்று என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும்.

அக்கா என்னுடைய ஃபோனை வாங்கவில்லை. தன் ஃபோனுக்கு நான் அனுப்பியிருந்த கடிதப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"ஷேன், இந்த லெட்டர்ல ராமசாமி எங்க?"

"என்னக்கா?"

"ஒரு மனுஷன் கால் போயிருக்கு. அதுக்காக எழுதி வாங்கற லெட்டரு. விபத்துன்னு ஒரு வார்த்தை இல்ல, ராமசாமின்னு ஒரு பேரு இல்ல, திங்கட்கிழமைன்னு ஒரு கெழமை இல்ல. வரைபடம் தப்பா போச்சுன்னு மட்டும்தான் இருக்கு. எழுதினப்போ கால் போகலன்னா மட்டும்தான் இப்படி எழுத முடியும்."

அக்கா இப்போது என் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கிறிஸ்டல், நான் மர்ஜானா பேசுறேன். ஸ்பீக்கர்ல இருந்தா எடுத்துக் காதுல வை. வெச்சிட்டியா? அந்த லெட்டர் எங்க டைப் பண்ணினது?"

நானும் காதை ஒட்டிக்கொண்டேன். "பாஸ்கிட்ட இருக்கிற அந்த லேப்டாப்லதான்."

"எங்க சேமிச்சிருக்கு?"

"நம்ம ஃபோல்டர்லதான். பாஸ் எல்லாத்தையும் அதுலதான் போடுவாரு. ஹரிராயா வாழ்த்தக் கூட."

"வரைபடத்துக்குப் பாத்தோமே, அந்த மாதிரி இந்த லெட்டருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். தொற. படிக்காத. மொதல்ல ஃபோட்டோ எடுத்து உன் மாமாவுக்கு அனுப்பு. அனுப்பின பொறகுதான் படிக்கணும். அவரு மௌசத் தொடக்கூடாது."

தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இப்ராஹிமின் குரல், தூரத்தில்: "என்னம்மா பாக்கிற? நேரமாச்சு, கையெழுத்தப் போடு."

"ஒரு நிமிஷம் பாஸ்."

"கிறிஸ்டல், அத மூடு."

அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அப்போதுதான். நாற்காலி தரையில் உரசியது. நான் ஃபோனைப் பார்த்துக் கத்தினேன். "தள்ளிப் போம்மா! ஃபோன எடுத்துட்டு வெளிய போ!" மோட்டரில் சாய்ந்து நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நடுக்கடலில் லைன் ஒரு கோடாகக் குறைந்திருந்தது. படம் வந்தது. சாம்பல் நிறச் சதுரமாக வந்து அப்படியே நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. யேசுவே, சீக்கிரம், சீக்கிரம் என்று நான் முணுமுணுத்தேன். பக்கத்தில் அக்கா பிஸ்மில்லா சொன்னார்.

படம் தெளிந்தது. பட்டியலில் நாலு வரி. மேலே மூன்று வரி செவ்வாய், புதன். அடியில் முதல் வரி. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்போ படி கிறிஸ்டல். கீழ இருக்கிற வரி. சத்தமா, அவருக்குக் கேக்கிற மாதிரி."

தான் எடுத்த படத்தைப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டே படித்தாள். மாடிப்படியில் நின்றிருக்க வேண்டும். "உருவாக்கினது... கிறிஸ்டல். சனிக்கிழமை. காலை பதினொன்னு பத்து." நிறுத்தினாள். "சனிக்கிழமை நான் ஆபீசுக்கே வரலையே. சனிக்கிழமை எதுக்கு இந்த சூராட்? திங்கட்கிழமைதானே..."

அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"பாஸ்," என்றாள். "உங்களுக்கு சனிக்கிழமையே தெரியுமா?"

கிழவரின் குரல் பழையபடி தாழ்ந்திருந்தது. "சனிக்கிழமை காலைல எதுக்கோ தொறந்தேன் புள்ள. பத்துன்னு இருந்துச்சு. கை கால் ஓடல. சனி ஞாயிறு கிலாங்ல மேனேஜர் இல்ல. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள நல்ல தட்டு வெட்டி எடுத்துட்டுப் போய், யாருக்கும் தெரியாம மாத்திடலாம்னு நெனச்சேன். பத்து அதுவரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். கேட்டா என்ன சொல்றதுன்னு... அதுக்குத்தான் அந்த லெட்டரு. ஒரு பாதுகாப்புக்கு."

"கேட்ல ஜாகா இருப்பாரே பாஸ். ஞாயித்துக்கிழமையும் இருப்பாரு. அவருகிட்ட ஃபோன் பண்ணி, அந்தச் சங்கிலியத் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கலாமே."

அவள் அதோடு விடவில்லை.

"லெட்டர் அடிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு பாஸ்? ஃபோனுக்கு அதவிடக் கம்மிதானே?"

படியில் அவள் இறங்கும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தெரு இரைச்சல். நான் மூச்சை விட்டேன். கையெழுத்துப் போடும் இடத்திலிருந்து அவள் வெளியே வந்துவிட்டாள்.

"மாமா, நான் செய்யல."

"செய்யலம்மா."

"நான் செய்யல மாமா." இப்போதுதான் அழுதாள். மூன்று நாள் அழுகை. சூலியா தெரு நடுவில் நின்றுகொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதாள். நானும் அழுதேன். மூன்று பிள்ளை பெற்றவன், பட்டப்பகலில், மோட்டர்களுக்கு நடுவே நின்று. அக்கா என் தோளில் தட்டிவிட்டு அந்தப் படத்தை இரண்டு பேருக்கு அனுப்பினார். ஒன்று ஒரு வக்கீல். இன்னொன்று பழைய இன்சூரன்ஸ் நண்பர்.

"இனி அவரு எத அழிச்சாலும் பயம் இல்ல," என்றார். "கிறிஸ்டல், அங்கேயே ஒரு கடையில உட்காரு. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவோம். கிலாங்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்க்கா."

"இப்போ எதுக்கும்மா?"

"மூணு நாளா நல்லம்மாள் அக்கா முன்னாடி போய் நிக்க முடியல. நான் செய்யலன்னு சொல்லணும்." மூக்கைத் துடைத்தாள். அப்புறம் குரல் தயங்கியது. "சொன்னா, அப்போ யாருன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் இருக்கு. அடுத்தது, எப்பத் தெரியும்னு கேப்பாங்க."

நான் மர்ஜானா அக்காவைப் பார்த்தேன். எந்தக் கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்திருக்கிற மனுஷி. ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பேசாமல் இறக்கினார், மறுபடி கொண்டுபோனார்.

"அத நீ தனியா சொல்ல வேணாம்மா. நாங்களும் வர்றோம்."

ஃபெர்ரி துறையில் இடித்து நின்றது. எல்லோரும் மோட்டரைக் கிளப்பினார்கள். அந்த இரைச்சலில் கிறிஸ்டல் சொன்னது, ஃபோனைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"ரெண்டு நாள் இருந்துச்சு மாமா. முழுசா ரெண்டு நாள் இருந்துச்சு."